ஆறு பிளாக்குகளில் ஓடிய குதிரை: ‘ஜான் கில்பின்’ படப்புத்தகம் (1878) பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1878ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக லண்டனின் ஜார்ஜ் ரௌட்லெட்ஜ் பதிப்பகம் தலா ஒரு ஷில்லிங் விலையில் இரண்டு சிறுவர் படப்புத்தகங்களை வெளியிட்டது. ஒன்று, ‘ஜாக் கட்டிய வீடு’ என்ற பழைய அடுக்குப்பாட்டு. மற்றொன்று, வில்லியம் கூப்பர் 1782இல் எழுதிய ‘ஜான் கில்பினின் வேடிக்கை வரலாறு’ என்ற நகைச்சுவைக் கதைப்பாட்டு. இரண்டுக்கும் படம் வரைந்தவர் ராண்டால்ஃப் கால்டெகாட். அப்போது அவருக்கு வயது 32. இரண்டையும் மரத்தில் செதுக்குவித்து வண்ணத்தில் அச்சிட்டவர் எட்மண்ட் எவன்ஸ். அவருக்கு வயது 52. இந்த ஆய்வு இரண்டாவது புத்தகத்தை எடுத்துக்கொள்கிறது.

படப்புத்தக வரலாற்றில் இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கால்டெகாட்டின் பேனாக்கோட்டைப் பற்றியே பேசுகிறார்கள். அதில் தவறில்லை. அந்தக் கோட்டுக்கு நிகரானது அக்காலத்தில் அரிது. ஆனால் ஒரு ஷில்லிங்குக்கு வண்ணப் புத்தகம் என்றால் எத்தனை நிறம் இருக்கலாம், எத்தனை பக்கத்தில் இருக்கலாம், மீதிப் பக்கங்களை என்ன செய்வது என்பனவெல்லாம் தூரிகை தொடுவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டாக வேண்டும். அவற்றைத் தீர்மானித்தது அச்சகம். நாம் இன்று அப்புத்தகத்தில் ரசிக்கும் எளிமையிலும் வெற்றிடத்திலும் கணிசமான பங்கு, பிளாக் ஒன்றுக்கு ஆகும் செலவைக் கூர்ந்து அறிந்திருந்த ஓர் அச்சகத்தாரின் கணக்கிலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து. நிறத்துக்கு ஒன்றாகச் செதுக்கி, மை பூசி அச்சிடும் கட்டையை அச்சுக்கட்டை என்று தூய தமிழில் சொல்லலாம்; ஆனால் நம் லெட்டர்பிரஸ் அச்சகங்களில் நாள்தோறும் புழங்கிய சொல் ‘பிளாக்’ என்பதால் அதையே இங்கு ஆள்கிறேன்.

அச்சகத்தார்

எவன்ஸ் லண்டனின் சதர்க் பகுதியில் 1826இல் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதில் ஓர் அச்சகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். மறு ஆண்டே எபனேசர் லாண்டெல்ஸ் என்ற மரச்செதுக்குக் கலைஞரிடம் ஏழாண்டுத் தொழிற்பயிற்சியில் அமர்ந்தார். லாண்டெல்ஸ், நியூகாசில் நகரின் தாமஸ் பியூயிக்கிடம் தொழில் கற்றவர். இங்கே பியூயிக்கைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. பழைய மரவெட்டுப் படங்கள் பலகையின் நீளவாட்டு முகத்தில் கத்தியால் வெட்டப்பட்டவை. நாரின் போக்குக்கு எதிராகக் கத்தி செல்லும்போது கோடு சிதறும். பியூயிக்கும் அவர் வழிவந்தோரும் பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தை எடுத்துக்கொண்டு, செப்புத் தகட்டில் செதுக்குவோரின் கூரிய உளியால் அதில் வேலை செய்தார்கள். அம்முகத்தில் நாரின் தடையே இல்லை. உளி எத்திசையிலும் ஒரே சீராக ஓடும். மயிரிழைக் கோடும் நிற்கும். அதைவிட முக்கியமான நன்மை வேறொன்று. மரக்கட்டையை அச்செழுத்தின் உயரத்துக்கே அறுத்துவிட்டால், படத்தையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். செப்புத் தகட்டாலோ கல்லச்சாலோ அது ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் படப் பத்திரிகைகள் எல்லாம் இந்த ஒரு வசதியின்மேல் எழுந்தவை.

லாண்டெல்ஸின் பட்டறையில் எவன்ஸுக்குக் கிடைத்தவை தொழிலோடு முடியவில்லை. பின்னாளில் நீர்வண்ண ஓவியராகப் புகழ்பெற்ற பிர்க்கெட் ஃபாஸ்டர் அங்கே உடன் பயின்றார். பின்னாளில் சிறுவர் நூல் ஓவியரான கேட் கிரீனவேயின் தந்தை ஜான் கிரீனவேயும் அவ்வட்டத்தைச் சேர்ந்த செதுக்குக் கலைஞரே. முப்பது ஆண்டுகளுக்குப் பின் எவன்ஸ் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கு இந்தப் பழக்கங்கள்தாம் வேர்.

1847இல் எவன்ஸ் தனியே தொழில் தொடங்கினார். ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வார இதழ் முதலில் வேலை கொடுத்து, பிறகு நிறுத்திக்கொண்டது. காரணம், அவருடைய செதுக்கு மிக நுண்ணியது, செய்தித்தாள் அச்சுக்கு ஒத்துவராது என்பது. குறை என்று சொல்லித் திருப்பப்பட்ட அந்த நுண்மையே அவரை வண்ண அச்சின் பக்கம் நகர்த்தியது என்று கொள்ள இடமுண்டு. 1850களின் தொடக்கத்தில் மூன்று நிறங்களில் படங்களை அச்சிட்டுப் பார்த்தார். 1853 வாக்கில் அவருக்கு ஒரு வியாபார வாய்ப்பு வந்தது. ரயில் நிலையக் கடைகளில் விற்கும் மலிவு நாவல்களின் வெள்ளை அட்டைகள் சீக்கிரம் அழுக்கேறிப் போயின. எவன்ஸ் மஞ்சள் பூச்சிட்ட வழவழப்பான தாளை எடுத்து, அதன்மேல் சிவப்பு, நீலம் அல்லது பச்சையோடு கறுப்புக் கோட்டை ஏற்றினார். ‘மஞ்சள் அட்டை’ நாவல்கள் என்ற ஒரு வகையே இதிலிருந்து தோன்றியது.

நூல் வரலாற்றில் இந்த அட்டைகளைக் கீழான சரக்காகக் கருதுவோர் உண்டு. ஆனால் நம் வாதத்துக்கு இவைதாம் முக்கியமான சான்று. தாளின் மஞ்சளை இலவச நிறமாகக் கொள்வது, இரண்டு மூன்று பிளாக்கில் ஐந்தாறு நிறம் இருப்பதுபோல் கண்ணுக்குக் காட்டுவது, மை காய்வதற்கும் தாள் சேதாரத்துக்கும் முன்கூட்டியே இடம்விட்டு விலை சொல்வது ஆகிய கணக்குகள் அனைத்தும் எவன்ஸின் கையில் படிந்தது இந்த அட்டைகளில்தான்.

ஆறு பென்ஸ் சந்தை

‘டாய் புக்’ என்று வழங்கிய மெல்லிய சிறுவர் படப்புத்தகங்கள் ஆறு பென்ஸுக்கோ ஒரு ஷில்லிங்குக்கோ விற்றன. முன்பு இவ்வகை நூல்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். பிறகு அச்சு வண்ணம் வந்தது. வந்த வண்ணத்தில் பெரும்பகுதி கண்ணைக் குத்துவதாக இருந்தது என்பதே எவன்ஸின் மனக்குறை. ஆறு பென்ஸுக்கும் நல்ல படம் தரலாம், ஆனால் பல பத்தாயிரம் பிரதிகள் ஒரே மூச்சில் அச்சிட்டால்தான் கட்டுப்படியாகும் என்பது அவர் நிலைப்பாடு. பிளாக் செதுக்கும் கூலி ஒரே தடவைச் செலவு. பத்தாயிரம் பிரதியில் பரவினால் சுமை, ஐம்பதாயிரத்தில் பரவினால் தூசி.

வால்டர் கிரேன் என்ற ஓவியரை 1863இல் எவன்ஸ் அறிந்தார். முதலில் மஞ்சள் அட்டைகளுக்கே அவரைப் பயன்படுத்தினார். 1865 முதல் 1876 வரை கிரேன் எவன்ஸுக்காக வரைந்த டாய் புக்குகள் ஒரு தனி ஆய்வுக்கு உரியவை. தொடக்க நூல்களில் சிவப்பு, நீலம், கோட்டுக்குக் கறுப்பு என்ற அளவோடு நின்றது வண்ணம். மஞ்சள் சற்றுப் பின்னால் சேர்ந்தது. கிரேனுக்குச் சில ஜப்பானிய மரவெட்டுப் படங்கள் பரிசாகக் கிடைத்தன. அவற்றின் தட்டையான நிறப்பரப்பும் திடமான கரிய எல்லைக்கோடும் தம் வேலைக்கு அப்படியே பொருந்துவதை அவர் கண்டுகொண்டார். ஐரோப்பிய ஓவியத்தின் படிப்படியான நிழல்கள் பிளாக்குக்குப் பகை; ஜப்பானியத் தட்டை நிறமோ மரத்தில் பிறந்தது. கிரேனின் பக்கம் கம்பளம்போல் ஓரம் வரை நிறைந்திருக்கும். வெற்றிடம் தேடினாலும் கிடைக்காது. அழகுதான். ஆனால் குழந்தையைவிட அறை அலங்காரத்தையே அது அதிகம் நினைப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும்.

கிரேன் தம் ஓவியங்களைப் பதிப்பாளருக்கு ஒரே விலைக்கு விற்றுவிட வேண்டியிருந்தது. எத்தனை பதிப்பு போனாலும் அவருக்கு மேற்கொண்டு ஒரு பென்னி இல்லை. ராயல்டி கேட்டும் கிடைக்காத அந்த மனத்தாங்கலோடு 1876இல் அவர் டாய் புக் வரைவதை நிறுத்தினார். எவன்ஸின் அச்சகத்திடம் சந்தை இருந்தது, பழகிய கைகள் இருந்தன, ஓவியர் இல்லை.

உடன்பாடு

கால்டெகாட் செஸ்டர் நகரத்தில் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் விட்சர்ச் என்ற சிற்றூரில் வங்கி எழுத்தராகச் சேர்ந்து, பிறகு மான்செஸ்டர் வங்கியொன்றில் வேலை பார்த்து, 1872இல் ஓவியத்தையே பிழைப்பாகக் கொண்டு லண்டன் வந்தவர். விட்சர்ச்சில் குதிரை, வேட்டைநாய், சந்தைக்கு வரும் குடியானவர், வழித்தங்கல் விடுதி என்று அவர் கண்டவை எல்லாம் குறிப்பேடுகளில் ஏறின. வாஷிங்டன் இர்விங்கின் கிறிஸ்துமஸ் கட்டுரைகளுக்கு 1875இல் அவர் வரைந்த படங்கள் பெயர் வாங்கித் தந்தன. அவற்றைச் செதுக்கியவர் ஜேம்ஸ் கூப்பர் என்ற வேறொரு கலைஞர். எவன்ஸ் அப்படங்களைக் கண்டு கால்டெகாட்டை அணுகினார்.

அவர் முன்வைத்த ஏற்பாடு இது: மரச்செதுக்கு, தாள், அச்சு ஆகியவற்றின் செலவு முழுவதையும் எவன்ஸ் ஏற்பார், ரௌட்லெட்ஜ் வெளியிட்டு விற்கும். ஓவியருக்கு முன்பணம் ஒன்றைத் தர எவன்ஸ் ஆயத்தமாக இருந்தும், கால்டெகாட் அதை வேண்டாம் என்றார். புத்தகம் விற்றால் பிரதிக்கு இவ்வளவு என்று சிறு பங்கு வாங்கிக்கொள்கிறேன், விற்காவிட்டால் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்பது அவர் சொன்ன விதி. வங்கியில் இருந்தவர் கணக்குப் போடத் தெரியாமல் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். கிரேனுக்கு நேர்ந்தது சிறிய ஓவிய உலகத்தில் அவர் காதுக்கும் எட்டியிருக்கக் கூடும் என்பது என் ஊகம். எப்படியாயினும், ஓவியரின் கூலி முதலீட்டிலிருந்து நீங்கியதால், பிளாக்குக்கும் நல்ல மைக்கும் எவன்ஸுக்குக் கை சற்றுத் தாராளமானது.

கவனிக்க வேண்டியது, இங்கே அச்சகத்தாரே முதலாளி. ரௌட்லெட்ஜின் பெயர் அட்டையில் இருந்தாலும், புத்தகத்தைக் கற்பித்து, ஓவியரைத் தேர்ந்து, பணம் போட்டு, பிரதி எண்ணிக்கையை முடிவு செய்தவர் எவன்ஸ். இன்று பதிப்பாசிரியர், வடிவமைப்பாளர், தயாரிப்பு மேலாளர் என்று பிரித்துச் செய்யும் வேலைகள் ஒரே தலைக்குள் இருந்தன.

செய்முறை

கால்டெகாட் வழவழப்பான எழுதுதாளில் பேனாவும் மையும் கொண்டு வரைந்து கொடுத்தார். ஒரு தலைமுறைக்கு முன்பு என்றால் ஓவியர் வெள்ளை பூசிய மரக்கட்டையின் மேலேயே, இடவலம் மாற்றி வரைய வேண்டும். செதுக்கியதும் மூல ஓவியம் சீவல்களோடு போய்விடும். இப்போது ஓவியத்தைப் புகைப்படமாக எடுத்து, ஒளியுணர் பூச்சிட்ட கட்டைமேல் நேரே இறக்கினார்கள். தாளில் வரைந்தது பிழைத்தது. செதுக்குபவருக்கும், ஐயம் வந்தபோது பக்கத்தில் வைத்துப் பார்க்க மூலம் ஒன்று இருந்தது.

பாக்ஸ் மரம் மெலிந்து வளர்வது. அடிமரத்தின் குறுக்களவு சில அங்குலமே. பெரிய படத்துக்குச் சிறு கட்டைகளை இணைத்தாக வேண்டும். செதுக்குபவர் மணல் நிரப்பிய தோல் திண்டின்மேல் கட்டையை வைத்து, ஒரு கையால் உளியை நிலைநிறுத்தி, மறு கையால் கட்டையைத் திருப்புவார். வளைகோட்டில் உளி வளைவதைவிடக் கட்டைதான் அதிகம் சுழலும். பேனாக்கோடு கறுப்பாக நிற்க வேண்டுமானால், அதன் இரு பக்கத்திலும் உள்ள வெண்மையைத் தோண்டி எடுத்தாக வேண்டும். கால்டெகாட் ஒரு புதரின் நிழலுக்கு மூன்று வினாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருப்பார். அக்கீறல்களுக்கு நடுவே விழுந்த ஒவ்வொரு சிறு கட்டத்தையும் செதுக்குபவர் தனித்தனியே கெல்லி எடுக்க வேண்டும். இத்தனை பொறுமையில் விளைந்த பக்கம், பார்ப்பவருக்கு அந்த மூன்று வினாடியைத்தான் காட்ட வேண்டும். பொறுமை தெரிந்துவிட்டால் வேலை தோற்றது.

முதலில் செதுக்குவது கோட்டுப் பிளாக். அதை அடர்பழுப்பு மையில் ஒரு புரூஃப் (சோதனை அச்சு) எடுத்து கால்டெகாட்டுக்கு அனுப்புவார்கள். அவர் அதன்மேல் நீர்வண்ணம் பூசித் திருப்பி அனுப்புவார். அந்த வண்ணப் புரூஃபைப் பார்த்து, எந்த நிறத்தை எந்தப் பிளாக்கில் பிரிப்பது என்று முடிவு செய்வது எவன்ஸின் வேலை. ‘நிறம் பிரித்தல்’ என்று அச்சகங்களில் பின்னாளில் கேமராவும் வடிகண்ணாடியும் (ஃபில்டர்) செய்த காரியத்தை இங்கே ஒருவர் கண்ணால் செய்தார். பழுப்புக் கோடு, தோல்நிறம், சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் என ஆறு பிளாக்குகள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வெற்றுக் கட்டையை எடுத்து, கோட்டுப் பிளாக்கின் மை உலராத புரூஃபை அதன்மேல் அழுத்தினால் கோட்டோவியத்தின் தடம் இறங்கும். அத்தடத்தை வழிகாட்டியாகக் கொண்டு அந்நிறத்துக்கு உரிய இடத்தை மட்டும் நிறுத்தி மற்றதைச் செதுக்கி நீக்குவார்கள்.

ஒரு கன்னத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தோல்நிறப் பிளாக் முகம் முழுவதும் மெல்லிய பூச்சாக விழுகிறது. ஓடிக் களைத்த மனிதனின் கன்னம் சிவக்க வேண்டும். அதற்கென்று ஏழாவதாக ஓர் இளஞ்சிவப்புப் பிளாக் செய்தால் விலை கட்டாது. எனவே மேலங்கியை நிரப்பும் அதே சிவப்புப் பிளாக்கில், கன்னம் வரும் இடத்தில் நிறத்தை முழுப் பரப்பாக விடாமல் நெருக்கமான மெல்லிய கோடுகளாகச் செதுக்குகிறார்கள். மை அதே சிவப்புதான். கோடுகளுக்கு இடையில் அடியிலுள்ள தோல்நிறம் எட்டிப் பார்ப்பதால் கண்ணுக்கு அது இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. வேலிச் செடியின் பச்சைக்கும் தனிப் பிளாக் கிடையாது. நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பச்சையாகின்றன. நீலக் கோடுகள் நெருங்கினால் இருண்ட பச்சை, விலகினால் வெயில் பட்ட பச்சை. தோல்நிறப் பிளாக்கும் முகத்தோடும் கையோடும் நிற்காது. மற்ற நிறங்களைக் கால்டெகாட்டின் வண்ணப் புரூஃபுக்கு அருகில் கொண்டுவர எங்கெல்லாம் உதவுமோ அங்கெல்லாம் அடியில் போய் அமரும்.

இன்றைய ஆஃப்செட் மறுபதிப்பு ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இவை எதுவும் தெரியாது. பூவிதழ்போல் சுற்றிச் சுற்றி நிற்கும் புள்ளிகள்தாம் தெரியும். பழைய பிரதிகளை உயர் தெளிவில் வருடிய படங்களைப் பெரிதாக்கினால் கோடுகளும், மை விளிம்பில் பிதுங்கி நிற்கும் கரையும் புலப்படும். புத்தகத்தை வெறும் படங்களின் தொகுப்பாகப் பார்த்தவர்களுக்கும் அது ஓர் அச்சுப்பொருள் என்பது அந்த இடத்தில் விளங்கிவிடும்.

ஆறு நிறமென்றால் ஒரே தாள் ஆறு முறை அச்சேற வேண்டும். பத்தாயிரம் பிரதி என்றால் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்கு மட்டும் அறுபதாயிரம் அழுத்தங்கள். ஒவ்வொரு முறையும் தாள் அதே இடத்தில் உட்கார வேண்டும். நம் அச்சகத்தார் ‘ரிஜிஸ்டர் சேரவில்லை’ என்று அலுத்துக்கொள்வார்களே, அதே சங்கடம். ஈரத்தில் தாள் மயிரளவு விரிந்தாலும் சட்டைக்கும் அதன் எல்லைக்கோட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கீற்று விழும். கால்டெகாட்டின் கோடு இதற்கும் ஒருவகையில் கைகொடுத்தது. நிறம் கோட்டுக்குள் அடங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர் படத்தில் தளர்ந்திருப்பதால், சிறு பிசகு இயல்பான கையசைவாகத் தோன்றித் தப்பிவிடும். கிரேனின் திட்பமான கட்டங்களில் அதே பிசகு பல்லிளிக்கும்.

பக்கங்களின் ஓட்டம்

கவிஞர் வில்லியம் கூப்பரின் கதை எளியது. லண்டன் சீப்சைடு வீதியின் துணி வணிகர் கில்பின், திருமணமாகி இருபதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாட எட்மண்டன் ஊரின் ‘பெல்’ விடுதிக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறார். வண்டியில் இடமில்லாததால் இரவல் குதிரையில் பின்தொடர்கிறார். குதிரைக்கோ அவர் வசப்படுவதில் விருப்பமில்லை. எட்மண்டனைத் தாண்டிப் பத்து மைல் தொலைவிலுள்ள வேர் ஊர் வரை ஓடிவிட்டு, அதே வழியில் திரும்பியும் ஓடுகிறது. தொப்பி போகிறது, பொய்முடி போகிறது, இடுப்பில் தொங்கிய மதுக்குடுவைகள் உடைகின்றன. சுங்கச்சாவடிக்காரர்கள் ஏதோ பந்தயம் என்று எண்ணிக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். சாப்பாடு கடைசி வரை இல்லை.

ஓட்டமே கதையாக இருப்பது ஓவியருக்கு வரமும் சாபமும். ஒரே நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருகிறது. இங்கேதான் விலைக்கணக்கு கலைக்கணக்காக மாறுகிறது. எல்லாப் பக்கமும் ஆறு நிறத்தில் என்றால் ஒரு ஷில்லிங்குக்குத் தரமுடியாது. ஆகவே வண்ணத்தில் சில முழுப்பக்கங்கள், அவற்றுக்கு நடுவே ஒரே பிளாக்கில் ஒரே அச்சில் முடியும் பழுப்புக் கோட்டோவியங்கள் என்று புத்தகம் அமைக்கப்பட்டது. செலவைக் குறைக்கச் செய்த இந்த ஏற்பாடு, வாசிப்பில் மூச்சு விடும் இடமாக அமைந்துவிட்டது. கோட்டோவியத்தில் கண் விரைந்து ஓடுகிறது. வண்ணப் பக்கம் வந்ததும் நிற்கிறது. பின் மறுபடி ஓடுகிறது. கூப்பர் ஒரு வரியில் சொன்னதைக் கால்டெகாட் இரண்டு மூன்று சிறு படங்களாக விரிப்பார், சொல்லாததையும் சேர்ப்பார். பாட்டில் பெயரில்லாத ஊர்க்காரர்களும் நாய்களும் வாத்துக்களும் படத்தில் தங்கள் பாட்டுக்கு ஒரு கதை நடத்துகிறார்கள். குதிரை தெருவில் பாய, வாத்துக்கள் சிறகடித்துச் சிதறும் அந்தக் காட்சிதான், அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் சிறந்த படப்புத்தகத்துக்கு வழங்கும் கால்டெகாட் பதக்கத்தின் முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

என் கணிப்பில் பழுப்புப் பக்கங்களே புத்தகத்தின் உயிர். வண்ணப் பக்கங்களில் சில, வண்ணம் ஏறியதாலேயே சற்று விறைத்துப்போயிருக்கின்றன. ஆனால் வண்ணம் இல்லாமல் இந்தப் புத்தகம் கடையில் விற்றிருக்காது. பழுப்புப் படங்களை வாங்க ஒரு ஷில்லிங் தருகிறோம் என்று தெரியாமலே பெற்றோர் வாங்கிச் சென்றார்கள். படத்தில் எதை வரையாமல் விடுவது என்பதை ஓர் அறிவியலாகவே கால்டெகாட் பயின்றார் என்று அவர் நண்பர் ஹென்றி பிளாக்பர்ன் பதிவு செய்கிறார். அந்தப் பயிற்சி அவருக்குப் பத்திரிகைப் படங்களிலேயே வந்திருந்தது. அதை மதிக்கத் தெரிந்த, அதனால் லாபமும் அடைந்த அச்சகம் அவருக்கு எவன்ஸிடம் கிடைத்தது.

விளைவு

முதல் பதிப்பு பத்தாயிரம் பிரதிகள். அது விரைவில் தீர்ந்தது. தொடரின் பின்வந்த நூல்களுக்கு முதல் அச்சே ஒரு லட்சம் என்ற அளவுக்கு உயர்ந்தது. ஆண்டுக்கு இரண்டாக 1885 வரை பதினாறு புத்தகங்கள் வந்தன. 1884க்குள் அதுவரை வந்தவற்றின் விற்பனை எட்டு லட்சத்து அறுபத்தேழாயிரத்தைத் தொட்டது என்பர். பெரிய எண்ணிக்கைகளுக்கு மரமே நேராக அச்சேறுவதில்லை. மரத்தின் அச்சை மெழுகில் எடுத்து, அதில் மின்பகுப்பால் செம்பு படியவைத்து, எலெக்ட்ரோடைப் என்னும் உலோக நகலைக் கொண்டு அச்சிடுவது அக்கால முறை. பிரதிக்கு ஏதோ ஒரு சிறு தொகை என்று கால்டெகாட் கேட்டு வாங்கிய பங்கு இப்படித்தான் பலுகியது. உடல்நலம் குன்றியிருந்த அவர், வெப்பமான இடம் நாடி அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குச் சென்று, 1886 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். வயது 39.

‘ஜான் கில்பின்’ தந்த துணிச்சல் எவன்ஸை அடுத்த ஆண்டே இன்னொரு பந்தயத்தில் இறக்கியது. பழைய தோழரின் மகள் கேட் கிரீனவே கொண்டுவந்த ஓவியங்களையும் பாடல்களையும் வாங்கி, 1879இல் ‘ஜன்னலின் கீழே’ என்ற நூலை ஆறு ஷில்லிங் விலையில் முதல் பதிப்பிலேயே இருபதாயிரம் அச்சிட்டார். ஜார்ஜ் ரௌட்லெட்ஜ் இதைக் கேலி செய்தார். இருபதாயிரமும் விற்று, மறுஅச்சு வருவதற்குள் பிரதிகள் கூடுதல் விலைக்குக் கைமாறின. அச்சு எழுபதாயிரம் வரை போனது. கிரீனவேயின் வெளிறிய நீர்வண்ணத்தை மரத்தில் கொண்டுவருவது கால்டெகாட்டின் கோட்டைவிடக் கடினம், செலவும் கூடுதல். அதை ஆறு ஷில்லிங் தாங்கியது. ஒரு ஷில்லிங்கில் கிரீனவேயை எவன்ஸ் தொட்டிருக்கமாட்டார். ஓவியருக்கேற்ற விலையும் விலைக்கேற்ற பிளாக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் அவருடைய திறமை இருந்தது.

இந்த நிகழ்வில் ஒரு குறையையும் பதிய வேண்டும். நூலில் ஓவியரின் பெயர் உண்டு, எவன்ஸின் பெயர் உண்டு. கில்பினின் குதிரைக் காலில் விழுந்த ஒவ்வொரு கோட்டையும் மரத்தில் நிறுத்திய செதுக்குத் தொழிலாளர்களின் பெயர் இல்லை. எவன்ஸும் இளமையில் அந்த வரிசையில் இருந்தவர்தான். லாண்டெல்ஸின் பெயரில் அவர் செதுக்கியவை எத்தனையோ. பட்டறை வழக்கம் அப்படி என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் கால்டெகாட்டின் கோட்டைப் போற்றும்போது நாம் பார்ப்பது அவர் இட்ட கோட்டையன்று, இன்னொருவர் அதைச் சுற்றி நீக்கியதால் எஞ்சிய கோட்டை என்பது நினைவில் இருக்கட்டும்.

1880களில் கோட்டோவியத்தைத் துத்தநாகத் தகட்டில் ஒளியாலும் அமிலத்தாலும் எடுக்கும் லைன் பிளாக் பரவியது. 1890களில், படத்தைச் சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் மூவண்ண ஹாஃப்டோன் வந்தது. கண்ணால் நிறம் பிரித்த இடத்தில் வடிகண்ணாடி வந்து அமர்ந்தது. எவன்ஸ் 1892இல் தொழிலைத் தம் மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு வைட் தீவின் வென்ட்னர் ஊருக்குப் போய்விட்டார், 1905இல் இறந்தார். அதற்கு மூன்றாண்டு முன், 1902 அக்டோபரில், பீட்ரிக்ஸ் பாட்டரின் முயல் குட்டிக் கதை ஒரு ஷில்லிங் விலைக்கு வெளிவந்தது. அதை அச்சிட்டது எட்மண்ட் எவன்ஸின் நிறுவனம். பிளாக்குகள் வெளியே கார்ல் ஹென்ஷெலின் பட்டறையில் எடுத்தவை, மூன்றே மூன்று. முயலின் நீலச் சட்டையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் கோடு ஒன்றும் இல்லை, புள்ளிகள்.